அத்தானின் வழுக்கை

ஆபட்ஸ்ஃபோர்டு, கனடா
10 பிப்ரவரி 1996

குரு துணை.

தம்பி பக்தாவருக்கு அக்கா நசீப் கவுர் எழுதுவது. நானும் உன் அத்தானும் மன்வீரும் மழையில் ஊறிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். நீயும் குர்தியாலும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் மாடியில் ஒருத்தர் எடுக்கிறார், கீழ்த்தளத்தில் ஒருத்தர் எடுக்கிறார். அந்தரங்கமாக ஒரு தும்மல்கூடப் போட முடியவில்லை. நமக்குக் கடிதம்தான் சரி.

மன்வீருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் கெலோனாவில் பழத்தோட்டக்காரர் மகள், பெயர் சிம்ரத். ஆகஸ்டு பத்தாம் தேதி, சனிக்கிழமை. முதல் கடிதம் உனக்குத்தான் எழுதுகிறேன், தாய்மாமன் நீ அல்லவா? உன் கை கட்டாத தலைப்பாகையோடு என் பிள்ளை குதிரை ஏறமாட்டான். குருத்துவாரா வாசலில் இரண்டு வீட்டு ஆண்களும் மாலை போட்டுத் தழுவிக்கொள்ளும்போது பெண்ணின் தாய்மாமனைத் தரையிலிருந்து தூக்கிக் காட்ட வேண்டியவனும் நீதான். அந்த ஆளைப் பார்த்துவிட்டேன், மாட்டுக் கொட்டகைக் கதவு அளவுக்கு இருக்கிறார். இப்போதே பாலும் பாதாமும் சாப்பிட ஆரம்பித்துவிடு.

குர்தியாலுக்கு என் அன்பைச் சொல். மூட்டுக்குத் தைலம் தடவு, சோம்பாதே.

உன் அக்கா,
நசீப்

*

யூபா சிட்டி, கலிஃபோர்னியா
3 மார்ச் 1996

குரு துணை.

அன்புள்ள அக்காவுக்கு, அத்தான் கர்னைல் சிங்குக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் மழை வந்தால் முணுமுணுக்கும், வெயில் வந்தால் அடங்கிவிடும். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை குர்தியால் உரக்கப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் நான் அலமாரியைத் திறந்து துணி எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வேறு யாராவது கட்டிவிடுவார்களா என் மருமகனுக்கு? இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்டாக்டன் வரைக்கும் எந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலும் காலையில் என்னைத்தான் கார் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு டாக்டர் பையன், சொந்த அப்பா பக்கத்தில் நிற்க, அவர் வரட்டும் என்று எனக்காகக் காத்திருந்தான். நுனியைப் பல்லில் கடித்து, காதுக்கு மேலே சுண்டி இழுத்து நான் போடுகிற மடிப்பு, மறுநாள் அவிழ்க்கிற வரைக்கும் ஒரு நூல் நகராது. வீண் பெருமை என்பாய். பெருமைதான், அதனால் என்ன?

பெண்ணின் மாமனைப் பற்றிக் கவலைப்படாதே. கதவானாலும் தூக்குவேன்.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் முன்நெற்றி எப்படி இருந்தது? முடி ஏறியிருந்ததா? அம்மா வழியில் யாருக்காவது அப்படி உண்டா? நீ தலைக்கு இன்னும் கடுகெண்ணெய்தான் தேய்க்கிறாயா? இங்கே ஒருவருக்காகக் கேட்டேன், எனக்கு இல்லை.

உப்பைக் குறைத்துக்கொள்.

உன் தம்பி,
பக்தாவர்

*

ஆபட்ஸ்ஃபோர்டு
20 மார்ச் 1996

தம்பி பக்தாவருக்கு, குருவின் அருளால் எல்லாரும் நலம். குர்தியாலுக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன், இஞ்சிச் சாறு கொடுத்தாயா?

கேட்காமலே எனக்கு இல்லை என்று எழுதுகிறவனைப் பார்த்தால் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்குச் சாகும்போதும் கொண்டை ஒரு கைக்கு அடங்கவில்லை. அம்மா வழியிலும் எல்லாருக்கும் குதிரைவால்தான். நீ மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாமல், மாப்பிள்ளைத் தலைப்பாகை செம்மஞ்சளா, மாதுளை நிறமா என்று சொல். துணிக்கடைக்காரர் நச்சரிக்கிறார்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். குர்தியாலைக் குளிரில் போக விடாதே.

உன் அக்கா,
நசீப்

*

யூபா சிட்டி
28 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கும் மன்வீருக்கும் என் வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. பீச் மரங்களில் பிஞ்சு கலைக்கிற வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. ஆகஸ்டு அறுவடை மாதம் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். என்னால் கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. குர்தியால் வருவாள். தலைப்பாகை கட்ட அங்கேயே நல்ல ஆள் யாராவது கிடைப்பார்கள்.

மன்வீருக்கு என் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

பக்தாவர்

*

ஆபட்ஸ்ஃபோர்டு
6 ஜூன் 1996

தம்பி பக்தாவருக்கு,

உன் நலத்தை விசாரிக்க இன்று எனக்கு மனம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

பீச் பழுக்கிறதாம். சென்ற வருஷமும் பழுத்தது, அதற்கு முந்தின வருஷமும் பழுத்தது. அப்போதெல்லாம் ஊர்க் கல்யாணம் ஒன்றைக் கூட நீ விடவில்லை. யார் யாரோ வீட்டு மாப்பிள்ளைக்குத் தலை கட்டப் போனவன், சொந்த அக்கா பிள்ளைக்கு "நல்ல ஆள் யாராவது கிடைப்பார்கள்" என்று எழுதுகிறாய். கை கூசவில்லையா உனக்கு?

எனக்குக் காரணம் தெரியும். முறைப்படி நான் வெல்லக்கட்டியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, முதலில் பிறந்த வீட்டுப் படி ஏறி உன்னை அழைத்திருக்க வேண்டும். அழைப்பிதழைத் தபாலில் போட்டேன். அது என் தப்புதான். பழம் பறிக்கிற சீசனுக்கு முன் வந்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்காக இப்படி ஒரு தண்டனையா? உனக்குக் கோபம் என்றால் என்னைத் திட்டி எழுது, இந்த வேலைச் சாக்கு வேண்டாம். தாய்மாமன் இல்லாத கல்யாணம் என்று கெலோனாக்காரர்கள் முகம் பார்த்துக் கேட்கும்போது நான் பீச்சுப் பழத்தையா காட்ட முடியும்?

தம்பி மேல் உயிரை வைத்த அக்கா,
நசீப்

*

யூபா சிட்டி
17 ஜூன் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

குர்தியால் எழுதிக்கொள்வது. உங்கள் அனைவரின் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் இருமல் போய்விட்டது. இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தத் தோட்டத்திலேயே என்னைப் புதைத்துவிடுவார்.

வெல்லக்கட்டி காரணம் இல்லை அண்ணி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கொட்டகைக்குப் பின்னால் போய் நெடுநேரம் நின்றார். காரணம் அவர் தலை.

முன்நெற்றியில் முடி போய்விட்டது. காதுக்குக் காது ஒரு பட்டையாக, இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல். காதோரத்தில் இன்னும் அதிகம். ஒரு வருஷமாக என்னிடமே மறைத்தார். குளித்துவிட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தலைப்பாகையோடுதான் வெளியே வருவார். குப்பென்று வெங்காய வாடை வந்து ஒரு நாள் பிடித்துவிட்டேன். வெங்காயச் சாறு, நெல்லிக்காய் எண்ணெய், எல்லாம் தடவிப் பார்த்துவிட்டார். அந்தப் பட்டையை மறைக்கத் தலைப்பாகையை இன்னும் கீழே இறக்கி, இன்னும் இறுக்கிக் கட்டுகிறார். சாயங்காலமானால் தலைவலி, நெற்றியில் கொப்புளம்.

டிராக்டர் சாமான் வாங்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, சாக்ரமென்டோவில் ஒரு டாக்டரிடம் போனார். பின் மண்டையைச் சிரைத்து, அங்கிருந்து முடி எடுத்து முன்னால் நடலாம் என்று டாக்டர் சொன்னாராம். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தவரை முடிக்க விடாமல் எழுந்து வந்துவிட்டார். "முடியக் காப்பாத்த முடிய வெட்டணுமாம், என்ன வைத்தியம் இது" என்று வீடு அதிரக் கத்தினார். பிறந்தது முதல் கத்தரி படாத தலை அண்ணி. அதை எப்படிச் சிரைக்கச் சொல்வது?

அவர் பயப்படுவது அழகுக்காக மட்டும் இல்லை. குருத்துவாரா கமிட்டிக் கூட்டத்தில், முடியைக் கத்தரித்துக்கொண்டு தலைப்பாகையால் மூடுகிறவர்களைப் பற்றி அவர் காரசாரமாகப் பேசியது உங்களுக்குத் தெரியும். இப்போது இவருடைய நெற்றியைப் பார்த்தால், இவரும் பிடுங்குகிறார் என்று ஊர் சொல்லும் என்று நினைக்கிறார். அதே கமிட்டியில் இருக்கிற சரூப் சிங் ஏற்கெனவே, "என்ன பக்தாவர், தலப்பா வர வர புருவத்துல வந்து உக்காருது" என்று கேட்டுவிட்டார். உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கல்யாணத்துக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தலை குளித்து, சேர்ந்து காய வைப்பார்கள். அங்கே எப்படி மறைப்பது? அதனால்தான் பீச்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் கெட்டிக்காரி. மறக்காமல் மாத்திரை சாப்பிடுங்கள்.

உங்கள்,
குர்தியால்

*

ஆபட்ஸ்ஃபோர்டு
29 ஜூன் 1996

குரு துணை.

தம்பி பக்தாவருக்கு, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே எனக்கு இருக்கிற கவலையில் ஏதோ எழுதிவிட்டேன்.

உன் அத்தானுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. உன்னைத் தவிர இதை யாரிடம் சொல்வேன்? முன்னால் ஒரு பட்டையாக, காதோரத்தில் இன்னும் மோசம். மனிதர் இடிந்துபோய்விட்டார். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சோறு இறங்கவில்லை. கட்டாயப்படுத்தி வான்கூவரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். முதல் கேள்வியே, எத்தனை வயதிலிருந்து கொண்டையை உச்சிக்கு இழுத்து முடிகிறீர்கள் என்பதுதான்.

இது வியாதியும் இல்லை, பரம்பரையும் இல்லை, தண்ணீரும் இல்லையாம். இழுப்புதானாம். சின்னப் பிள்ளையிலிருந்து முன்முடியைச் சுண்டி இழுத்து உச்சியில் கொண்டை போட்டு, அதன் மேல் துணியை வேறு வலித்துக் கட்டினால் வேர் எத்தனை காலம் தாங்கும்? இறுக்கிக் கயிறு கட்டின கன்றுக்குக் கழுத்தில் முடி உதிர்வது போலத்தான். மறைக்கிறேன் என்று இன்னும் இறுக்கினால் இன்னும் போகும் என்றாள். கொப்புளமும் அரிப்பும் வேர் போடுகிற கூச்சலாம்.

வைத்தியம் என்ன என்றால் ஒன்றும் பெரிதாக இல்லை. கொண்டையைத் தளர்த்தி, கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடணும். ஈரத்தோடு முடியக் கூடாது. துணியைப் பல்லில் கடித்து வலிக்கக் கூடாது. மெல்லிய துணியில் உருண்டையாக, தளரக் கட்டணும். வீட்டில் சின்னத் துணி போதும். கொப்புளத்துக்கு ஒரு களிம்பு கொடுத்தாள். பூனை முடி இருக்கிற இடத்தில் திரும்ப வருமாம், மாதக்கணக்கில் ஆகுமாம். தோல் பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் இனி வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஒரு முடியையும் வெட்டத் தேவையில்லை.

உன் அத்தானுக்கு ஆறுதல் சொல்ல ஆண்பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருந்தால் நல்லது. நான் என்ன சொன்னாலும் "உனக்கென்ன தெரியும்" என்கிறார். வேலைப்பளுவில் இருக்கிறாய், உன்னை வற்புறுத்தமாட்டேன்.

அக்கா,
நசீப்

*

ஆபட்ஸ்ஃபோர்டு
29 ஜூன் 1996

குர்தியால், நன்றாக இருக்கிறாயா?

கூடவே தனி உறையில் வருகிற கடிதத்தை அவன் உனக்குப் படித்துக் காட்டினால் வாயைப் பொத்திக்கொள். உன் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, முடி இடுப்பைத் தொடுகிறது என்பது உனக்குத் தெரியும். நீ எழுதியதை எல்லாம் நான் டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவள் இவர் தலையைப் பார்த்துவிட்டு, "இவருக்கா" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன்.

இவரிடம் நடிக்கக் கேட்டபோது முதலில் குதித்தார். "ஊர்ல கர்னைல் சிங் வழுக்கைன்னு பேசுவான், எனக்கென்னடி தலையெழுத்து" என்றார். பிறகு சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, "மச்சான் வர்றதுன்னா வழுக்கையா இருந்துட்டுப் போறேன் விடு" என்றார். கல்யாணம் முடிகிற வரைக்கும் வீட்டுக்குள்ளும் தலைப்பாகையோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார். இந்த மனிதரைக் கட்டியதற்கு நான் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கம் பக்கம் வாய் விடாதே. வேளைக்குச் சாப்பிடு.

நசீப்

*

யூபா சிட்டி
9 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு, குருவருளால் இங்கே நலம்.

அத்தானைப் பற்றிப் படித்துவிட்டு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. எப்பேர்ப்பட்ட ஆள். அவர் தைரியத்தை விடக்கூடாது என்று சொல். ஆண்பிள்ளைக்கு இது ஒரு விஷயமா?

அவருக்காகச் சில சந்தேகங்கள். கொண்டையைப் பின்னால் தள்ளினால் தலைப்பாகை சரிந்துவிடாதா? தளரக் கட்டினால் காற்றில் நிற்குமா? களிம்பின் பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பு, இங்கே மலிவாகக் கிடைத்தால் அவருக்கு வாங்கி வருகிறேன். டாக்டரம்மா சொன்ன அந்தப் பூனை முடி, விரலால் தடவினால் தெரிகிற அளவா, கண்ணுக்கே தெரிகிற அளவா? காதோரத்தில் அது இருந்தால் நம்பலாமா? அத்தானுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து எழுது.

இந்த வருஷம் பீச் முந்திக்கொண்டு பழுக்கிறது. பெரும்பகுதி ஜூலையிலேயே இறங்கிவிடும். மிச்சத்தை குர்தியால் பார்த்துக்கொள்வாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு வர முடியாத வருத்தம்தான். அத்தான் இப்படி இருக்கும்போது நான் வராமல் எப்படி? ஏழாம் தேதி வருகிறேன். மாதுளை நிறம் வேண்டாம், செம்மஞ்சளே எடு.

அத்தானைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
பக்தாவர்

*

யூபா சிட்டி
24 ஜூலை 1996

அன்புள்ள அண்ணிக்கு, நாங்கள் நலம். அண்ணனின் வழுக்கை எப்படி இருக்கிறது?

சிரிக்காமல் எழுத முடியவில்லை. நான் வாய் திறக்கவே இல்லை, உங்கள் தம்பிதான் திறந்துவிட்டார். குருத்துவாராவில், பழக் கொள்முதல் வரிசையில், டயர் கடையில், பார்க்கிற இடத்தில் எல்லாம், "கனடாவுல எங்க அத்தானுக்கு முன்னாடி முடி போச்சு, பாவம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா" என்று கேட்கிறார். ஆளாளுக்கு மருந்து சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெயரில் ஒரு கிழவி வேண்டுதலே வைத்துவிட்டாள்.

ஆனால் வீட்டில் மாறிவிட்டார். சின்னத் துணியோடு உட்கார்கிறார். கேட்டால், "அத்தானுக்குச் சொல்லணும்ல, கட்டிப் பாத்தாத்தான தெரியும்" என்கிறார். தலைவலி இல்லை. கொப்புளம் காய்ந்துவிட்டது. வெளியே போகும்போது மட்டும் பழையபடி இறுக்கித்தான் கட்டுகிறார். அந்த வாசலை அவரால் தாண்ட முடியவில்லை அண்ணி.

விமானம் ஏற்றிவிடுகிறேன். அப்புறம் உங்கள் சாமர்த்தியம்.

குர்தியால்

*

ஆபட்ஸ்ஃபோர்டு
19 ஆகஸ்டு 1996

குரு துணை.

அன்புள்ள குர்தியாலுக்கு, அறுவடை முடிந்ததா? கை காலெல்லாம் எப்படி இருக்கிறது? கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சிம்ரத் வந்த மறுநாளே என் சமையலறையைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள், நல்ல பெண்.

உன் வீட்டுக்காரன் இதை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். என்னிடமும் சொல்லவில்லை. இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பெண்கள் பக்கம் மருதாணியோடு மாட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தவன் புருவம் வரைக்கும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தான். இவரும் சொன்ன சொல் தவறாமல் தூங்கும்போதும் துணியோடு கிடந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வழுக்கைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டதை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று காலை தலை குளித்த இவர், சம்பந்தி வீட்டுக் கார் வந்த பரபரப்பில் மறந்துபோய், ஈரமுடி இடுப்பில் புரள குளியலறையை விட்டு வெளியே வந்துவிட்டார். எதிரே உன் புருஷன். அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு அத்தான்" என்று மட்டும் சொன்னானாம். பிறகு இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாப்பிள்ளை அறைக்குப் போய்விட்டான். இவரும் பின்னாலேயே போயிருக்கிறார்.

அங்கே மன்வீரும் அவன் சிநேகிதர்களும் துணியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இவனுடைய கை ராசி அவ்வளவு பிரசித்தம். மன்வீர் தலையில் கொண்டையைப் பின்னால் தளர்த்திப் போட்டு, மென்மையாகச் சுற்ற ஆரம்பித்திருக்கிறான். பையனுக்குப் பிடிக்கவில்லை. "மாமா, நல்லா வலிச்சுக் கட்டுங்க. போட்டோல கத்தி மாதிரி நிக்கணும். உங்களுது மாதிரி" என்றானாம்.

உன் புருஷன் கையிலிருந்த துணியைக் கட்டிலில் வைத்தான். கதவைச் சாத்தச் சொன்னான். தன் தலைப்பாகையை இரண்டு கையாலும் எடுத்து, நெற்றியில் ஒற்றி, மேஜை மேல் வைத்தான். அத்தனை இளவட்டங்களுக்கும் நடுவில், ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் தலையோடு நின்றான்.

"நல்லா பாத்துக்குங்கடா. இந்தத் தலைய ஒரு கத்தரிக்கோலும் தொட்டதில்ல, ஒரு பிளேடும் தொட்டதில்ல. பிடுங்கினது என் கைதான். மடிப்பு மடிப்புன்னு வலிச்சு வலிச்சு நானே பிடுங்குனேன். மறைக்கணும்னு இன்னும் வலிச்சேன். நம்ம குரு முடிய வைக்கச் சொன்னாரு, இழுக்கச் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லையாம். மன்வீர் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று காதோரத்து முடியை விலக்கிப் பார்த்தானாம். "மாமா, எனக்கும் இங்க ஆரம்பிச்சிருக்கா" என்று கேட்டானாம். ஆரம்பித்துத்தான் இருந்தது. பூனை முடி இருக்கிறது, பயப்படாதே, வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கட்ட உட்கார்ந்தான். அறையில் இருந்த ஒவ்வொருத்தனுக்கும் தளர்த்தியே கட்டினான். கடைசியில் தனக்கும், நெற்றியை மூடாமல், உருண்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அதன் பிறகுதான் நான் அவனைப் பார்த்தேன். குருத்துவாரா வாசலில் பெண்ணின் மாமன் இவனைத் தழுவி, நாம் நினைத்தபடியே தூக்கப் பார்த்தார். இவன் அசையவில்லை. முழங்கால் வலிக்காரன் அந்தக் கதவை அப்படியே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிவிட்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், இவனுக்குத் தலைப்பாகையும் போகவில்லை. அத்தனை குலுக்கலிலும் ஒரு மடிப்பு கலையவில்லை. கெலோனா அம்மாள் ஒருத்தி என்னிடம் யார் இது என்று கேட்டாள். என் தம்பி என்றேன். இன்னும் நாலு பேரிடம் கேட்காமலே போய்ச் சொன்னேன்.

நாம் மூவரும் கூட்டுக் களவாணிகள் என்பது அவனுக்கு இப்போது தெரிந்திருக்கும். கேட்டால் நீ ஒப்புக்கொள்ளாதே. உடம்புக்கு ஓய்வு கொடு.

நசீப்

*

யூபா சிட்டி
16 செப்டம்பர் 1996

குரு துணை.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். மருமகளுக்கும் மன்வீருக்கும் ஆசீர்வாதம். பீச் எல்லாம் இறங்கிவிட்டது, அடுத்து வால்நட். முழங்கால் ஒரு வாரம் பழிவாங்கியது, இப்போது சரி. உன் இரத்த அழுத்தம் குறைந்ததாகக் குர்தியால் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் இப்போது பல விஷயங்களைக் கேட்பதில்லை.

காதோரத்தில் முடி வருகிறது. முன்னால் நடுவில் வராது, அது பளபளத்துவிட்டது. வரவேண்டியது வந்தால் போதும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இப்படி உருண்டையாகக் கட்டிக்கொண்டு முதல் தடவையாகக் குருத்துவாராவுக்குப் போனேன். வாசல் வரைக்கும் வந்து, ஏதோ மறந்ததுபோல் காருக்குத் திரும்பப் பார்த்தேன். குர்தியால் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். அப்புறம் நான் எங்கே போவது? வழிபாடு முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் சரூப் சிங். என் நெற்றியைப் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் சுற்றி வளைத்து, கூடத்துக்கே கேட்கிற குரலில், "பக்தாவர், கனடாவுல உங்க அத்தான் வழுக்கை என்னாச்சு? மொளைச்சுதா" என்றான். பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். வேண்டுதல் வைத்த அந்தக் கிழவியும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"எங்க அத்தானுக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. வழுக்கை எனக்கு. இறுக்கிக் கட்டினதால வந்தது. கத்தரிக்கோல் படல, வேணும்னா வந்து தொட்டுப் பாரு" என்றேன்.

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டான். நான் நிமிர்ந்து சாப்பிட்டேன். பசி அப்படிப் பசித்தது, மூன்று ரொட்டி கூடுதலாக வாங்கினேன்.

அத்தானிடம் சொல், எனக்காக அவர் சுமந்தது போதும். அவர் தலையை நான் ஊர் பூராவும் மொட்டையடித்துவிட்டேன், இனி வீடு வீடாகப் போய்த் திருத்தப் போகிறேன். உன்னிடமும் அங்கே யாராவது கேட்பார்கள். வழுக்கை என் தம்பிக்கு என்று சொல். தலை நிமிர்ந்து சொல், அக்கா.

உன் தம்பி,
பக்தாவர் சிங்